மூன்றாம் அறிவும் ஒரு கட்டுப் புதினாவும்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லை ஒட்டி, கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் வாளியொன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதில் புதினா வளர்கிறது. என்றைக்கு வைத்தது என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டில் இலைகளை ஆய்ந்துகொண்டு, எஞ்சிய தண்டுகளை அம்மா மண்ணில் செருகிவைத்தார் என்பது மட்டும் தெரியும். புதினாவுக்கு அதற்குமேல் உபசாரம் தேவையில்லை. விதை தேடி அலைய வேண்டாம். கணுவுள்ள ஒரு தண்டும் ஈரமும் பாதி நிழலும் இருந்தால் பத்து நாளில் வேர் பிடித்துவிடும். பிறகு மண்ணுக்கு மேலும் கீழுமாகத் தண்டுகளை ஓடவிட்டு அண்டைச் செடிகளின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். வாளிக்குள் அதை அடைத்துவைத்ததற்கு அதுவே காரணம். அரிசி களைந்த நீர் நாள்தோறும் அந்த வாளிக்குத்தான் போகும்.

இலக்கியம் பேசக் கூடியிருக்கும் நண்பர்களிடையே ஒரு கீரைக்கட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்றைப் புதினாவை விலக்கிவிட்டுச் சொல்ல இயலாது. கல்லூரியில் இருபது ஆண்டுகளாகத் தொல்காப்பியத்தின் மரபியலை நடத்திவந்தும், அதில் ஓரிடத்தை நாங்கள் வாய்ப்பாடாக மட்டுமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதையும் இந்தச் செடியே உணர்த்திற்று.

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வீட்டில் நால்வருக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டது. அம்மாவுக்கு அப்போது 71 வயது. அவருக்கு மூச்சுத்திணறல் வரவில்லை. மருத்துவமனைக்குப் போகவும் நேரவில்லை. இரவும் பகலும் தெருவில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டுக்கொண்டிருந்த நாள்களில் அதையே பெரும் பேறாக எண்ணினோம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சற்றுத் தேறிய அம்மா, எல்லோருடைய வாயும் கசந்துகிடக்கிறதே என்று துவையலுக்குப் புதினா கிள்ளக் கொல்லைக்குப் போனார். இலையொன்றைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி கசக்கினார். வேறொரு தண்டிலிருந்து இன்னொன்றைக் கிள்ளினார்.

"இந்தச் செடிக்கு என்ன வந்துச்சு? வாசமே இல்லையே."

மகள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நல்லா வருதே அப்பாயி" என்றாள். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். நாங்களும் ஓர் இலையைக் கசக்கினோம். கொல்லையெங்கும் மணந்தது.

மணம் போனால் என்ன போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அம்மாவின் அடுப்படியைச் சற்று அறிந்திருக்க வேண்டும். அவருடைய புதினாத் துவையலுக்கு அளவு கிடையாது. உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாயும் கட்டிப் பெருங்காயமும் பொரித்தெடுத்து, அடுப்பை அணைத்துவிடுவார். அதன் பிறகுதான் புதினா சட்டிக்குள் போகும். சட்டியின் சூட்டிலேயே ஒரு புரட்டு. இலை சுருண்டதும் வெளியே வந்துவிட வேண்டும். எரியும் தீயில் அதை வதக்குவோரை அவர் மன்னிப்பதில்லை. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகளில்தான் புதினாவின் எண்ணெய் தங்கியிருக்கிறது. லேசாகக் கசக்கினாலே அவை உடைந்து மணக்கின்றன. தீயில் நின்றால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், எஞ்சுவது கறுத்த கசப்பு. இந்த விளக்கமெல்லாம் நாங்கள் பின்னாளில் படித்தவை. அம்மாவுக்கு அவை தேவைப்பட்டதில்லை. புளி, உப்பு, ஒரு கீற்றுத் தேங்காய் சேர்த்து முன்பு அம்மியிலும் பின்பு மிக்ஸியிலும் அரைப்பார். மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டுச் சுற்றுவார். சூடேறினால் இலை நிறமும் மணமும் கெடும் என்பார்.

பிரியாணிக்குப் புதினா வேறு விதமாகப் போகும். ஒரு பங்கு மசாலாவோடு சேர்ந்து வதங்கி இறைச்சியின் முடைநாற்றத்தை அடக்கும்; இன்னொரு பங்கு, தம் போடும்போது சோற்றின் மேல் தூவப்பட்டு மூடியைத் திறக்கும் கணத்துக்காகக் காத்திருக்கும். தயிர்ப்பச்சடியில் பச்சையாக விழும். எலுமிச்சைச் சாற்றில் இரண்டு இலை நசுங்கும். இவை எல்லாவற்றிலும் அம்மாவுக்குக் கண்ணும் நாவும் துணைக் கருவிகளே. தலைமைக் கருவி மூக்கு. பருப்பு சிவந்ததா என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. கூடத்தில் அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டே, "பருப்பை எடு, போதும்" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். எங்கள் திருமணமான புதிதில் இது வீட்டில் சிறு பூசல்களுக்குக் காரணமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

காய்ச்சல் விட்டு ஒரு திங்களான பின்னும் அம்மாவுக்கு மணம் திரும்பவில்லை. எங்கள் மற்ற மூவருக்கும் குறை ஏதும் இல்லை. அந்நாள்களில் குழம்பில் காரம் ஏறிக்கொண்டே வந்தது. துவையலில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. முதலில் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா, தம் தட்டில் மேலும் உப்பைத் தூவிக்கொண்டபோது கேட்டோம். "உறைப்பும் உப்பும் புளிப்பும்தான் தெரியுது. மத்ததெல்லாம் வைக்கோல்" என்றார். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. அந்த வழி அடைபட்டால் புதினாத் துவையலும் கொத்தமல்லித் துவையலும் ஒன்றாகிவிடும். அவர் அவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாமல் கிண்ணங்களை மாற்றி வைத்ததை நாங்கள் பார்த்தோம், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு முற்பகல். நாங்கள் மாடியறையில் இணையவழி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். கீழிறங்கி வந்தபோது படிக்கட்டிலேயே எரிவாயு நெடி முகத்தில் அறைந்தது. ரசம் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. குமிழ் திறந்தபடி இருக்கிறது. அதே அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்னும் கடும் நெடியுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை முழுவதும் மூக்கை நம்பி ஏற்பட்டது. குமிழை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் அவரை வெளியே அழைத்து வந்தோம். அவருக்கு என்ன நடந்தது என்பதே சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அதன் பின் நாங்கள் செய்ததை இன்று நினைக்கையில் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அவரை அடுப்படிக்குள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னோம். அது உண்மையான காரணந்தான். ஆயினும் சொன்ன விதத்தில் சினம் இருந்தது. அச்சத்திலிருந்து பிறந்த சினம். அம்மா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூடத்து நாற்காலியில் போய் அமர்ந்தார். ஐம்பது ஆண்டுகளாகத் தமக்குரியதாக இருந்த ஓரிடத்தை ஒரு பகலில் கைவிட்டார். அன்றிலிருந்து "பருப்பை எடு" என்ற குரலும் நின்றது. பருப்பு இரண்டு முறை கருகியது. அவர் கூடத்தில்தான் இருந்தார்.

ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது எறும்பு மொய்த்திருந்தது. அம்மா அதை முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தபடி, தமக்குத்தாமே பேசுவதுபோலச் சொன்னார்: "இத்தனூண்டு எறும்புக்குக்கூட வாசம் புடிச்சு வரத் தெரியுது."

அம்மா எட்டாம் வகுப்புக்குமேல் படித்தவரல்லர். மரபியலில் உயிர்கள் அறிவின் எண்ணிக்கையால் அடுக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உடம்பால் உற்றறிவது முதல் அறிவு. நாவால் சுவைத்தறிவது இரண்டாவது. மூக்கால் மோந்தறிவது மூன்றாவது. கண்ணும் செவியும் மனமும் அதன் பிறகு. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள், நத்தை முதலியன ஈரறிவு உயிர்கள், கறையானும் எறும்பும் மூவறிவு உயிர்கள் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். மாணவர் எழுதிக்கொள்கின்றனர், தேர்வில் ஐந்து மதிப்பெண் பெறுகின்றனர். எறும்பு எதற்காக மூன்றாம் படியில் நிற்கிறது என்று எந்த வகுப்பிலும் நாங்கள் நின்று யோசித்ததில்லை. முறத்துக்கு முன் அமர்ந்திருந்த அம்மாவைப் பார்த்தபோது யோசித்தோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். இதற்கென்று உறுதியான மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். இந்தக் கிருமி பெரும்பாலும் மணமறியும் நரம்பணுக்களை நேரே தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களைத் தாக்குகிறது என்று விளக்கினார். மணமறியும் அணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கும் தன்மை உடையவை ஆதலால் பயிற்சி உதவலாம் என்றார். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்பவரும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் சில நொடிகள் வீதம் முகர வேண்டும். பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். முகரும்போது அந்தப் பொருளை மனத்தில் நினைத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். காலி ஊறுகாய்ப் புட்டிகளைக் கழுவி, பன்னீர் நனைத்த பஞ்சு, எலுமிச்சைத் தோல், நசுக்கிய கிராம்பு, நீலகிரித் தைலம் என்று நான்கு வைத்தாள். அப்பாயி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். புட்டிகள் மாற்றி மாற்றி நீட்டப்படும். முதல் மூன்றுக்கும் அம்மா தலையசைத்து இல்லை என்பார். நான்காவது வந்ததும், "இது தைலம்" என்று சரியாகச் சொல்லிவிடுவார். முதல் நாள் நாங்கள் மகிழ்ந்து போனோம். அம்மாதான் அந்த மகிழ்ச்சியைத் திருத்தினார். "வாசத்தை வச்சுச் சொல்லலே. மூக்குக்குள்ள சிலுசிலுன்னு குளுருது. அதை வச்சுச் சொல்றேன்."

இந்த ஒரு வாக்கியம் எங்களைப் பல நாள் படிக்கவைத்தது. பற்பசையும் அவருக்கு அவ்வாறே இருந்தது; குளிர்ந்தது, மணக்கவில்லை. தலைவலித் தைலமும் அப்படியே. கொல்லைப் புதினாவோ குளிரவும் இல்லை, மணக்கவும் இல்லை. புதினாவின் பெயரால் விற்கப்படும் மிட்டாய் குளிர்கிறது. புதினா இலை குளிரவில்லை. இது எப்படி?

புதினா என்று ஒரே பெயரில் நாம் வழங்குவது உண்மையில் பல செடிகள். நம் சந்தைக்குக் கட்டுக்கட்டாக வருவது பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் எனப்படும் இனம். அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன்; மெந்தால் அதில் மிகக் குறைவு. மிட்டாய்க்கும் பற்பசைக்கும் குளிர்ச்சி தருவது மெந்தால். அது பெப்பர்மிண்டிலும், இன்னும் மிகுதியாக, ஜப்பானியப் புதினா எனப்படும் வேறோர் இனத்திலும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியைச் சூழ்ந்த மாவட்டங்களில் இந்த இனத்தைத்தான் பயிரிடுகிறார்கள். குளிர்காலக் கடைசியில் நட்டு, மழை தொடங்குமுன் அறுத்து, ஊருக்குள்ளேயே கொப்பரைகளில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். லக்னோவில் உள்ள மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'கோசி' என்னும் வகை அங்கே பெயர்பெற்றது. இயற்கை மெந்தால் உற்பத்தியில் உலகில் முதலிடத்தில் இருப்பது இந்தியாவே. அந்த வயல் இலையில் துவையல் அரைத்தால் வாய் மரத்துப்போகும். நம் வாளிச் செடியிலிருந்து தலைவலித் தைலம் செய்ய முடியாது.

மெந்தாலின் குளிர்ச்சி மணமன்று, அது தொடுவுணர்ச்சி. குளிரை அறியும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் உண்டு. பனிக்கட்டி தொட்டால் திறக்கும் அந்தக் கதவை மெந்தால் தன் சாவியால் திறந்துவிடுகிறது. மூளை அதைக் குளிர் என்றே கொள்கிறது. மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் இச்செய்தியைக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. மணத்தைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. மிளகாயின் உறைப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. சூட்டை அறியும் கதவை அது திறக்கிறது. இவற்றைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் மருத்துவ நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது 2021 அக்டோபரில். மெந்தாலைக் கொண்டே இருவரும் தனித்தனியாக அந்தக் குளிர்க்கதவை 2002இல் கண்டிருந்தனர். நாளிதழில் மகள் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா பயிற்சியின் மூன்றாம் மாதத்தில் இருந்தார். "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார்.

முதல் அறிவு இருந்தது. இரண்டாம் அறிவு இருந்தது. இடையில் மூன்றாவது மட்டும் கழன்றிருந்தது. காரத்தையும் உப்பையும் அவர் ஏற்றிக்கொண்டே போனதற்கும், தைலத்தை அறிந்து புதினாவை அறியாததற்கும் மரபியலின் படிநிரலே போதிய விளக்கமாக எங்களுக்குத் தோன்றிற்று. மகள் நீலகிரித் தைலப் புட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கசக்கிய புதினாவை வைத்தாள். குளிர்ச்சியின் துணையில்லாமல் மணத்தால் மட்டுமே அறியப்பட வேண்டிய ஒன்று அங்கே இருக்கட்டும் என்பது அவள் கருத்து.

புதினாவின் மருத்துவப் பயன் பற்றி வீட்டில் வழங்கிய நம்பிக்கைகளையும் அந்த மாதங்களில் சற்றுக் கிண்டிப் பார்த்தோம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கையில் மெந்தால் கலந்தால் மூக்கு திறந்துகொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறோம். அளந்து பார்த்த ஆய்வுகளில் காற்றின் வழி அகலவில்லை. காற்றுப் போவதாக நாம் உணர்வது மட்டுமே கூடுகிறது. குளிர்ந்த காற்று நுழைவதாக மூளை எண்ணுவதே காரணம். ஆறுதல் மெய்யானது, திறப்பு பொய். கைக்குழந்தைகளின் மூக்கருகே இத்தைலங்களைத் தடவினால் மூச்சுக் குழல் இறுகிப்போகும் ஆபத்து உண்டென்பதால் அந்தப் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

வயிற்றைப் பொறுத்தவரை பாட்டிமார் சொன்னதில் உண்மை இருக்கிறது. மெந்தால் குடல் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. வயிற்றுப் பிசைவும் பொருமலும் மாறிமாறி வரும் குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மிண்ட் எண்ணெய் பயன் தருவதை முறையான ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. இரைப்பையின் மேல்வாயையும் அது தளர்த்திவிடும் என்பதால், நெஞ்செரிச்சல் உள்ளவருக்குத் தொல்லை கூடும். அம்மா செய்யும் இஞ்சி புதினாக் கஷாயம் இந்த அளவுக்கு வலியதன்று. உண்ட பின் இதமாக இருக்கும், அவ்வளவே. கற்பூரமும் ஓம உப்பும் மெந்தாலுமாகிய மூன்று திடப்பொருள்களை ஒன்றாகப் போட்டால் தாமாகவே உருகி நீராகும். அதை ஒரு சிறு புட்டியில் வைத்திருந்து நெற்றியில் தடவுவதும் வீட்டு வழக்கம். நாங்கள் சிறுவராக இருந்தபோது அதை மாயம் என்று நம்பினோம்.

பயிற்சி நேர்க்கோட்டில் போகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை காப்பியை வாயருகே கொண்டுபோன அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏதோ நாறுது. எலி செத்துக் கிடக்கா பாருங்க." எலி இல்லை. காப்பிதான். மறுநாள் வெங்காயம் வதக்கும்போதும் அதே நெடி என்றார். மருத்துவரிடம் சொன்னபோது, இதை நல்ல குறியாகவும் கொள்ளலாம் என்றார். அறுந்த தொடர்புகள் மீண்டும் ஏற்படும்போது தவறாக இணைந்து, பழகிய மணங்கள் இவ்வாறு திரிந்து தெரிவதுண்டாம். நல்ல குறிதான், ஆனால் அம்மா ஏழு கிலோ இளைத்தார். காப்பி மணம் வீட்டில் எழாதபடி நாங்கள் தேநீருக்கு மாறினோம். தயிர்ச்சோறும் வாழைப்பழமுமே அவருக்கு ஒத்துக்கொண்டன.

'நாற்றம்' என்ற சொல் எப்படிக் கெட்டது என்பதை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறோம். பழந்தமிழில் அது நறுமணத்தைக் குறித்தது. மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் மணத்தைச் சொல்லத் திருக்குறள் அச்சொல்லையே ஆள்கிறது. இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். இழிபொருட்பேறு என்று இதற்குப் பெயரிட்டு, நூற்றாண்டுகளில் நிகழும் மாற்றம் என்று மாணவருக்குச் சொல்லிவந்தோம். எங்கள் வீட்டில் காப்பியின் நாற்றம் ஓர் இரவில் பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்கு மாறியது. அதன் பிறகு அந்தப் பாடத்தை நடத்தும்போது குரலில் பழைய எளிமை வரவில்லை.

2022 ஏப்ரலில் ரமலான் நோன்பு வந்தது. அடுத்த வீட்டில் நெடுநாளாகக் குடியிருக்கும் இராவுத்தர் குடும்பத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாலையாவது நோன்புக் கஞ்சி வரும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வெந்து, வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, கடைசியில் புதினாவும் மல்லித்தழையும் விழுந்த கஞ்சி. முந்திய ஆண்டு நோன்புக்காலத்தில் ஊரே கதவடைத்திருந்ததால் வரவில்லை. புதினா என்ற சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களிடையே அதற்கு இடமில்லை. வந்த இலையை நம் ஊர் அம்மியில் ஏற்றித் துவையலாக்கிக்கொண்டோம். கஞ்சியிலும் பிரியாணியிலும் அது தன் பழைய உறவினரோடு இருப்பதாக எங்களுக்கு ஓர் எண்ணம்.

மஃரிபுக்குச் சற்று முன்பாக அந்த வீட்டம்மாள் தூக்குவாளியோடு வந்தார். "அக்கா, கறி போடலே. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சது" என்று அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அம்மா வாளியை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. அப்படியே இருந்தார். நாங்கள் சுட்டுவிட்டதோ என்று அருகே போனோம்.

"புதினா போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"எப்பவும் போடுறதுதானே அக்கா."

"வாசம் வருது."

யாரும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டம்மாளுக்கு நடந்தவை எல்லாம் தெரியும். அவர் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மறுபடி குனிந்தார். "போயிடுச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லே, இருக்கு" என்றார். அன்றைக்கு அவருக்குப் பூண்டு தெரியவில்லை, வெந்தயம் தெரியவில்லை, மல்லித்தழையும் தெரியவில்லை. அத்தனைக்கும் நடுவில் புதினா ஒன்று மட்டும் விட்டுவிட்டு வந்தது. ஏன் அது முதலில் வந்தது என்று நாங்கள் ஆராயவில்லை. எட்டு மாதம் காலையும் மாலையும் அவர் கண்ணை மூடி நினைத்துக்கொண்ட நான்கு பொருள்களில் அது ஒன்று என்பது மட்டும் தெரியும்.

அடுத்த நாள் காலை அடுப்படி வாசலில் நின்று, "நான் உள்ளே வரட்டுமா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. தம் சமையலறைக்குள் நுழைய ஒருவர் தம் பிள்ளைகளிடம் ஒப்புதல் கேட்கும்படி செய்திருந்தோம். எரிவாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றை அதற்குப் பின்னர்தான் வாங்கி மாட்டினோம். ஜூலையிலேயே அதை வாங்கியிருக்கலாம். அவரை நாற்காலியில் உட்காரவைத்ததைவிட அது எளிதாகவும் மலிவாகவும் இருந்திருக்கும், எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அம்மாவுக்கு எல்லாம் திரும்பிவிட்டன என்று சொல்வதற்கில்லை. மல்லிகை பாதிதான் தெரிகிறது என்கிறார். காப்பி மறுபடி காப்பியாகிவிட்டது. பழைய காப்பி இல்லை என்று சில நாள் குறைபடுவார். புட்டிகள் எப்போதோ ஓரம் போய்விட்டன. காலையில் அரிசி களைந்த நீரை வாளிக்கு ஊற்றும்போது ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்வது மட்டும் நிற்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவையல் அரைக்கும் முறை எங்களுடையதாயிற்று. பருப்பும் மிளகாயும் பொரிந்தன. புதினாவைப் போட்டோம். தொலைபேசி வந்தது, கல்லூரி அலுவலகத்திலிருந்து ஏதோ கேட்டார்கள், அடுப்பை அணைக்க மறந்து பேசிக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"புதினாவைத் தீயிலயா வதக்குறே? எத்தனை தடவை சொல்றது. கறுத்துப் போச்சு, எடு."

போய்ப் பார்த்தோம். கறுத்துத்தான் போயிருந்தது. அன்றைய துவையல் கசந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.